மதினியும் நித்தியகல்யாணியும்

சுகருக்கா? அப்படின்னா தரமாட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க. சாமிக்குப் பூ வேணும்னு கேட்டாக்கூட ஒரு நிமிசம் யோசிப்பேன். இலையத் திங்க, வேரக் காய்ச்சிக் குடிக்கன்னா ஒரு கொழுந்து கிள்ள விடமாட்டேன். விஷச்செடிங்க அது. ஆடு எருக்கலையக்கூடக் கடிச்சுப் பாக்கும், இதுகிட்ட மட்டும் வந்து மோந்துட்டு அப்படியே போயிரும். உங்க அம்மாவுக்குன்னு சொல்றீங்க. டாக்டர் குடுத்த மாத்திரைய ஒழுங்காப் போடச் சொல்லுங்க, போதும்.

வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க. அந்தச் சேர்ல உக்காருங்க. ஒரு கால் லேசா ஆடும், சாஞ்சு உக்காராதீங்க. தெருவுக்குப் புதுசா? அதான் கேட்டீங்க. பழைய ஆளுக யாரும் இந்தச் செடிப்பக்கம் வரமாட்டாங்க. வெயிலுகந்தா வீட்டுப் பூவத் தொட்டா ஏசியே கொன்னுருவான்னு தெரியும். வெயிலுகந்தா நாந்தான்.

அந்தா உள்ள உக்காந்திருக்கிறது எங்க மதினி. அண்ணன் பொஞ்சாதி. சீனியம்மாள்னு பேரு. கும்பிட்டா திரும்பக் கும்பிட மாட்டா, தப்பா நெனைக்காதீங்க.

ஒரு பூவுக்குப் போயி இந்தப் பாடான்னு நெனைக்கிறீங்க. தெரியுது. உங்க மூஞ்சியிலயே இருக்கு. இருங்க, சொல்றேன். சொன்னாத்தான் எனக்கும் ஆறும்.

எனக்கும் கல்யாணம் ஆச்சு. ஆன வேகத்துலயே முடிஞ்சும் போச்சு. அது வேற கதை, அது வேண்டாம். அண்ணன் வீட்டுக்கு வந்தேன். வந்தவ வந்தவதான். அன்னையிலருந்து இந்த மதினி கூடத்தான் என் காலம் போகுது. எங்களுக்குள்ள ஆகாதுங்க. ஊருக்கே தெரியும். குழம்புல புளி கூடிப்போச்சுன்னு நா சொல்லிட்டா ஒரு வாரம் பேச மாட்டா. நா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டு இருட்டுன பெறகுதான் வருவேன். நா வர்ற வரைக்கும் அவ சோத்துப் பானையத் திறக்க மாட்டா. அண்ணனுக்குப் போட்டுட்டு, பிள்ளைக்குப் போட்டுட்டு, அவ மட்டும் சாப்பிடாம உக்காந்திருப்பா. எதுக்கு? எனக்கு முன்னாடி தின்னுட்டான்னு நா குத்தம் சொல்லிறக் கூடாதாம். அவ்வளவு அழுத்தம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருசக்கணக்கா அப்படி உக்காந்து என் மானத்த வாங்கியிருக்கா.

அண்ணன் கண்டக்டர். ரிட்டயர் ஆகி ரொம்ப நாள் இருக்கல, போயிட்டாரு. கருமாதி முடிஞ்ச கையோட இவ எங்கயிருந்தோ ஒரு நாத்தக் கொண்டாந்து வாசல்ல நடுறா. பாத்தா நித்தியகல்யாணி. எனக்கு வந்துச்சே ஆத்திரம். "ஏன் மதினி, இதுக்குச் சுடுகாட்டு மல்லின்னு பேரு. இத யாராவது வீட்டு வாசல்ல வைப்பாங்களா?"ன்னேன். அவ நிமிந்துகூடப் பாக்கல. மண்ண அணைச்சுக்கிட்டே சொல்றா, "வெயிலு, மல்லிகைன்னா ரெண்டு நாள் தண்ணி இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். இது ஒண்ணும் கேக்காது. தெனமும் பூக்கும். உங்கண்ணனுக்குத் தெனமும் பூ வைக்கணும்டி."

அவ சொன்ன மாதிரிதான் ஆச்சு. ஒண்ணு நாலாச்சு, நாலு சுவரோரம் பூராவும் பரவிருச்சு. காய் வெடிச்சு அதுவா விழும், அதுவா முளைக்கும். அவ நுனியக் கிள்ளிக் கிள்ளி விடுவா, செடி புதராட்டம் கட்டிக்கிட்டு வரும். தண்ணி வேர் மூட்டுலதான் ஊத்தணும், அதுவும் கொஞ்சமா. சகதியா நின்னா வேர் அழுகிரும்பா. நா அதெல்லாம் காதுல வாங்குனதே இல்ல. வாங்குனதில்லன்னுதான் நெனச்சேன். பெறகு பாத்தா எல்லாம் காதுலதான் கெடந்திருக்கு.

பெறகு அவளுக்கு மறதி வந்துச்சு.

மொதல்ல பால பீரோவுல வச்சுட்டு அடுப்படியில தேடுனா. டீயில சாம்பார்ப் பொடியப் போட்டா. நா வேணும்னே பண்றான்னு சண்டை பிடிச்சேன். ஒரு நாள் சாயங்காலம் வாசல்ல போயி நின்னுக்கிட்டு, "உங்கண்ணன் டூட்டி முடிஞ்சு இன்னும் வரலயே வெயிலு"ன்னா. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் மூளை சுருங்குதுன்னாரு. சரியாகாதுன்னாரு. எந்தப் பழக்கம் மிச்சமிருக்கோ அத விடாமப் பிடிச்சுக்கோங்க, அதுதான் ஆளக் கட்டி வைக்கும்னாரு.

மிச்சமிருந்த பழக்கம் இந்தப் பூதாங்க. காலையில எந்திரிச்சதும் ஓலைக்கொட்டானத் தூக்கிக்கிட்டு இந்தா இங்க வருவா. ஒண்ணொண்ணாப் பறிப்பா. அண்ணன் போட்டோவுக்கு வைப்பா, சாமிக்கு வைப்பா, மிச்சத்த மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருவா. அதுக்குப் பெறகு நாள் பூரா ஒரு தொந்தரவு கிடையாது. நா குளிப்பாட்டுனா குளிப்பா, ஊட்டுனா திம்பா. ஆனா ஒரு நாள், காத்தடிச்சுப் பூவெல்லாம் உதிந்து போச்சு, அன்னைக்கு நா பாக்காம இருந்திருந்தா தெருவுல எறங்கி நடந்திருப்பா. "அவருக்குப் பூ வைக்கல, அவருக்குப் பூ வைக்கல"ன்னு ஒரே பதட்டம். கையப் பிடிச்சு இழுத்தா என்னயத் தள்ளிவிடுறா. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. பூ இருந்தா இவ வீட்ல இருப்பா. பூ இல்லேன்னா போயிருவா.

எனக்கென்ன அவ மேல பாசமா? ஒண்ணும் கிடையாது. அண்ணன் பொஞ்சாதி. பாக்காம விட்டா ஊரு என்னயத்தான பேசும்?

போன கோடை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், எந்த ஊர்ல இருந்தீங்களோ. இங்க அதுக்கு முந்துன ரெண்டு மழையும் பொய்ச்சுப் போச்சு. குழாயத் திறந்தா காத்துதான் வந்துச்சு. போர் போட்டிருந்த வீட்லயெல்லாம் சேறு வந்து, பெறகு அதுவும் நின்னு போச்சு. லாரி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வந்துச்சுன்னா தெருவே குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடும்.

எதுத்த வீட்டு ரெஜினா டீச்சர் ரோஜா வச்சிருந்தாங்க, அது மாசியிலயே குச்சியாப் போச்சு. முருங்கை இலைய உதுத்துருச்சு. இது மட்டும் நின்னுச்சு. மத்தியானம் இலையெல்லாம் சுருட்டிக்கிட்டு செத்த மாதிரி நிக்கும், சாயங்காலம் வெயில் எறங்கவும் விரிச்சுக்கும். ஆனா சித்திரை பொறக்கவும் சாயங்காலமும் விரியல. பூவு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்துப் போச்சு. எனக்கு ஒறக்கம் போச்சு.

அரிசி கழுவுன தண்ணி, ஏனம் அலசுன தண்ணி எல்லாம் அதுக்குத்தான். மூட்டுல தேங்கா நாரும் கடலைத் தொலியும் பரப்பி வச்சேன், ஊத்துற சொட்டாவது நிக்கட்டும்னு. பழைய சேலையக் கட்டி நிழல் போட்டேன். பெறகு நா குளிக்கிறத விட்டேன். துண்ட நனைச்சுத் துடைச்சுக்கிட்டாப் போதாதா? மதினிய அப்படி விட முடியாது. வேர்த்தா சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிருவா. அதனால இந்தா, இந்தச் செடிக்கு நடுவுல ஒரு பலகைக்கல்லப் போட்டு, சுத்தி நாலு பக்கமும் சேலைய மறைச்சு, அவள அதுல உக்கார வச்சு ஊத்துவேன். சோப்பு கிடையாது, பயத்தமாவுதான். அவ மேல விழுந்த தண்ணி செடிக்குப் போகும். வாசல்ல வச்சுக் குளிப்பாட்டுறான்னு தெருவே சிரிச்சுச்சு. சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா இவ என்ன சொன்னா தெரியுமா? ஒரு நாள் மூக்கச் சுளிச்சுக்கிட்டு, "ஏன்டி வெயிலு, நீ தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சு, இப்படி நாறுற?" அப்படிங்கிறா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

ரெஜினா டீச்சரும் கேட்டாங்க. நல்ல மனுசிதான், ஆனா கேட்டுட்டாங்க. "குடிக்கத் தண்ணியில்லாமச் சனம் அலையுது, நீங்க பூச்செடிக்கு ஊத்துறீங்களே அக்கா?" வாயத் திறந்தா அழுதுருவேன்னு இருந்துச்சு. உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டேன்.

அதவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. இந்தச் செடி வறட்சியில பொழைக்கணும்னா வெட்டி விடணும். மதினி நல்லா இருந்தப்போ அப்படித்தான் செய்வா. அரிவாள எடுத்து முழங்கால் உசரத்துக்கு வெட்டி விட்டுருவா. பாரம் கொறஞ்சா வேர் பொழச்சுக்கும், மழை விழுந்ததும் தளுத்து வரும். ஆனா வெட்டுனா பூ இருக்காது. பூ இல்லேன்னா இவ இருக்க மாட்டா. வெட்டாம விட்டா செடி செத்துரும், அப்பவும் பூ இருக்காது. அரிவாளக் கையில வச்சுக்கிட்டு இதே எடத்துல உக்காந்திருந்தேங்க. யாரக் கேப்பேன்? கேக்க வேண்டியவ உள்ள உக்காந்து சுவரப் பாத்துக்கிட்டிருக்கா. "மதினி, வெட்டவா, விடவா?"ன்னு அவகிட்டயே போயிக் கேட்டேன். "காப்பி தாரியா?"ன்னா.

சுவரோரம் இருந்ததயெல்லாம் வெட்டினேன். படிக்குப் பக்கத்துல இருந்தத மட்டும் விட்டேன். இருக்கிற தண்ணியெல்லாம் அதுக்கு. கொட்டான் நெறையப் பறிச்சவ ஒரு கையளவு பறிச்சா. எண்ணத்தான் அவளுக்கு மறந்துபோச்சே, அதனால அதுவே போதும்னு இருந்தா. நானும் அப்பாடான்னு இருந்தேன்.

அப்பத்தான் அந்தப் பாவி வந்தது. ஆணோ பொண்ணோ, எனக்குத் தெரியாது. விடியுற நேரத்துல தெருவுல லாரி சத்தம். மதினி தூங்குறா. குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். நா வரிசையில நின்னு சண்டை போட்டுக்கிட்டிருந்த நேரத்துல, யாரோ வந்து செடிய வழிச்சுட்டுப் போயிருக்காங்க. பூவு, கொழுந்து, இலை, ஒண்ணு விடல. சுகருக்குத்தான். வேற எதுக்கு? உங்களச் சொல்லல, நீங்க அப்ப இந்த ஊர்லயே இல்ல. ஆனா நீங்க வந்து கேக்கவும் எனக்குப் படபடன்னு வந்துருச்சு.

திரும்பி வாரேன், கதவு திறந்து கெடக்கு. கொட்டானக் காணும். மதினியக் காணும். குடத்த எங்க வச்சேன்னு எனக்கு இன்னைக்கும் நெனவில்ல. பெறகு பாத்தா படியெல்லாம் தண்ணி கொட்டிக் கெடந்துச்சு.

கோயிலுக்கு ஓடுனேன். இல்ல. அண்ணனத் தேடிப் போயிருப்பாளோன்னு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனேன். டிரைவர் கண்டக்டர் எல்லாத்தையும் கேட்டாச்சு. யாரும் பாக்கல. அவ செருப்பு வாசல்லதான் கெடக்கு. ரோட்டுல கால் வைக்க முடியாத வெயிலு. நா மாரில அடிச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறேன், ரெஜினா டீச்சர் ஸ்கூட்டியக் கொண்டாந்து நிறுத்தி, "ஏறுங்க அக்கா"ன்னாங்க. நா அதுல ஏறினதே கிடையாது. அவங்க இடுப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். போலீஸ் ஸ்டேசன், ஆஸ்பத்திரி, மார்க்கெட்டு. ஒரு எடம் விடல. ஆஸ்பத்திரி வாசல்ல, "அடிபட்டு யாராவது வந்தாங்களா?"ன்னு கேக்க எனக்கு வாய் வரல. டீச்சர்தான் கேட்டாங்க.

பெறகு ஒரு மரத்தடியில வண்டிய நிறுத்திட்டு டீச்சர் கேட்டாங்க, "அக்கா, அவங்க பூவத் தேடித்தான போயிருக்காங்க? இந்த வறட்சியில இந்தப் பூ வேற எங்க பூத்திருக்கும்?"

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். டீச்சர் வண்டியச் சுடுகாட்டுப் பக்கம் திருப்புனாங்க.

பொம்பளைங்க அங்க போறதில்லங்க எங்க பக்கம். அண்ணனக் கொண்டு போனப்பவே பாதி வழியில திரும்பிட்டோம். அன்னைக்கு வேற எதையும் யோசிக்கல. அந்தக் கரிசல்ல கண்ணுக்கு எட்டுன தூரம் ஒரு பச்சை கிடையாது. தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. சாம்பல் கொட்டுற சுவரோரம் மட்டும் ரோஸும் வெள்ளையுமா அப்படிப் பூத்துக் கெடக்குது. அதுக்கு நடுவுல எங்க மதினி உக்காந்திருக்கா. அங்க வேலை பாக்குற இருளப்பன், தன் துண்ட நனைச்சு அவ தலையில போட்டுவிட்டு, பக்கத்துல தண்ணிச் செம்போட நிக்கிறாரு. "கூப்பிட்டா வரமாட்டேங்கிறாங்க தாயி. யாரு வீட்டு ஆளுன்னு கேட்டாலும் சொல்லத் தெரியல"ன்னாரு.

"மதினி"ன்னேன்.

நிமிந்து பாத்தா. "வாங்க"ன்னா.

வாங்கன்னா, பாத்துக்கிடுங்க. என்னய. நா இந்த வீட்டுக்கு வந்த நாளுலருந்து "வாடி, போடி, ஏன்டி வெயிலு" தவிர அவ வாயில வேற வந்ததில்ல. "நீங்களும் பூவுக்கு வந்தீங்களா? பறிச்சுக்கோங்க, நெறைய இருக்கு"ன்னு தள்ளி உக்காந்து எனக்கு எடம் விடுறா.

"வீட்டுக்குப் போவோம், எந்திரிங்க"ன்னேன்.

"போகணும்மா. வீட்ல என் நாத்தனா தனியா இருப்பா. அவ ஒரு கோவக்காரி. நா போகலேன்னா சாப்பிடாமலே கெடப்பா, வாயத் திறந்து பசிக்குதுன்னு சொல்ல மாட்டா. என்னய விட்டா அவளுக்கு யாரு இருக்கா?" அப்படின்னா.

டீச்சர் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. அவங்க எதுக்கு அழுதாங்கன்னு எனக்குப் புரியல. எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. யாரு எவருன்னே தெரியாத ஆளுகிட்ட என்னயக் கோவக்காரின்னு சொல்றா பாருங்க! நல்லா இருந்த காலத்துல இன்னும் எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பா? "சரி, உங்க நாத்தனாகிட்டத்தான் கூட்டிட்டுப் போறேன், வாங்க"ன்னேன். ஒடனே கையப் பிடிச்சுக்கிட்டா. பாதம் பூரா கொப்புளம். அன்னைக்குப் பூரா நா பச்சைத்தண்ணி பல்லுல படாமக் கெடந்தேன். கோவம்தான், வேற என்ன?

அவ மகன் கனகவேலு ஓசூர்ல இருந்து வந்தான். நல்ல பிள்ளை, குத்தம் சொல்ல முடியாது. அம்மா கால மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். பெறகு, "அத்தை, மதுரையில ஒரு ஹோம் இருக்கு. இந்த மாதிரி ஆளுகளப் பாக்குறதுக்குன்னே இருக்காங்க"ன்னான். நா குதிச்சேன். "ஒங்கம்மாவ ஒன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தாக் கூட்டிட்டுப் போ. கண்டவங்க கையில குடுக்க நா விடமாட்டேன்"னேன். "எங்க வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம் அத்தை. பூட்டுன வீட்ல எப்படி விட்டுட்டுப் போக?" அப்படின்னான். அதுவும் சரிதான். பெறகு மெதுவாக் கேக்குறான், "உங்களுக்கும் வயசாகுது. நீங்க விழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு தூக்குவா?"

சின்னப்பிள்ளையில நா இடுப்புல தூக்கிச் சொமந்த பய, அவன் கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். "மழை வரட்டும்ப்பா. மழை வந்தா பூ வந்துரும். பூ வந்தா அவ எங்கயும் போகமாட்டா. மழை வரைக்கும் குடுப்பா"ன்னேன். அவனும் அழுதான். வாசல் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டிட்டுப் போனான்.

மழை வரைக்கும்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் பூவுக்கு எங்க போக? தெனமும் சுடுகாட்டுக்குத்தான் போனேன். ஆமாங்க, நாந்தான். அத வீட்டு வாசல்ல வைக்கக் கூடாதுன்னு சண்டை போட்ட அதே நாந்தான். ரெண்டு நாள் பாத்துட்டு இருளப்பனே பறிச்சுக் கொண்டாந்து ரோட்டு மேல நின்னு குடுக்க ஆரம்பிச்சாரு, "நீ உள்ள வராத தாயி"ன்னு. அதக் கொண்டாந்து மதினி எந்திரிக்கிறதுக்கு முன்னாடி இந்தச் செடியில சொருகுவேன். காஞ்ச குச்சியில, இலையிடுக்குல, ஒண்ணொண்ணா. காம்பு நீளமா இருக்கும், நிக்கும். அவ வந்து ஒண்ணொண்ணாப் பறிப்பா. வேர்ல இருந்து வந்த பூவா, நா சொருகுன பூவான்னு அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கொட்டான்ல போட்டுக்கிட்டு நிம்மதியாப் போயி உக்காருவா. அந்த நேரத்துல நா கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். காத்தடிக்கக் கூடாதே, பூ விழுந்துறக் கூடாதேன்னு சாமியெல்லாம் கும்பிடுவேன். கோடை பூரா அப்படியே ஓட்டிட்டேங்க. அவ வாசலத் தாண்டல.

ஐப்பசியில மழை வந்துச்சு. வந்துச்சுன்னா, ரெண்டு வருசத்துக்கும் சேத்து வச்சு வந்துச்சு. ரோடு போட்டுப் போட்டு ரோடு உசந்துருச்சு, எங்க வீடு பள்ளமாப் போச்சு. தெருத் தண்ணியெல்லாம் இந்த வாசல்லதான். நா கடலைத் தொலியும் நாரும் பரப்பி வச்சிருந்தேனே, அது வேற தண்ணிய விடாமப் பிடிச்சுக்கிச்சு. எனக்கு இவ சொன்னது ஞாபகம் வந்துச்சு, தண்ணி நின்னா அழுகிரும்னு. போன மாசம் வரைக்கும் ஒரு சொம்புத் தண்ணிக்கு அழுதவ, மழையில நனைஞ்சுக்கிட்டு சட்டி சட்டியா மோந்து தெருவுல ஊத்துறேன். ஊத்த ஊத்த வருது. டீச்சரும் ஒரு வாளிய எடுத்துக்கிட்டு வந்தாங்க. எங்களால முடியல. தண்ணி வடிஞ்ச பெறகு பாத்தா, செடி மூடெல்லாம் கருத்துப் போயிருக்கு. தொட்டா கையோட வருது. அவ்வளவு வெயிலத் தாங்குன செடிங்க. ஒண்ணு மிஞ்சல.

பூவுக்குன்னு ஓடுனேன். சுடுகாட்டுப் பாதையில இடுப்பளவு தண்ணி. போக முடியல. திரும்பி வந்து, பூட்டு சரியா இருக்கான்னு இழுத்துப் பாத்துட்டு, கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப வருவா, "அவருக்குப் பூ வைக்கல"ன்னு கத்துவா, என்னயத் தள்ளுவா. தள்ளட்டும், அடிக்கட்டும், விடக்கூடாதுன்னு மனசத் திடப்படுத்திக்கிட்டேன்.

வந்தா. கையில கொட்டான் இல்ல. படியில நின்னு செடி இருந்த எடத்தப் பாத்தா. என்னயப் பாத்தா. பெறகு திரும்பி உள்ள போயி உக்காந்துட்டா.

ஒண்ணும் கேக்கலங்க. பூ எங்கன்னு கேக்கல. மறுநாளும் கேக்கல. கொட்டானக் கையில குடுத்தேன், அத அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பாத்துட்டுக் கீழ வச்சுட்டா. அண்ணன் போட்டோவக் காட்டுனேன். அதையும் சும்மா பாத்தா. அவ்வளவுதான். மிச்சமிருந்ததும் போயிருச்சு.

கனகவேலுகிட்ட போன்ல சொன்னேன். "அப்ப அம்மா வெளிய போகப் பாக்குறதில்லையா? தொந்தரவு இல்லாம இருக்காங்கல்ல அத்தை? அப்ப உங்ககிட்டயே இருக்கட்டும்"னு சந்தோசப்பட்டான். தெருவுலயும் அதத்தான் சொன்னாங்க. இனிமே ஒனக்கு அலைச்சல் இல்ல வெயிலுன்னாங்க. எல்லாருக்கும் நிம்மதி. எனக்குத்தான் இல்ல. என்கூடச் சண்டை போடக்கூட ஆளில்லாமப் போச்சேங்க.

தண்ணி வடியவும் மறுபடியும் போனேன். இருளப்பன் வேரோட நாத்துப் பிடுங்கிக் குடுத்தாரு. உடைஞ்ச செங்கலப் போட்டு, மணலக் கொட்டி, மேடு கட்டி நட்டேன். இப்ப நீங்க பாக்குறது அதுதான். எப்படிப் பூத்துக் கெடக்கு பாருங்க. பறிக்க ஆளில்லாமப் பூத்து, உதிந்து, பூத்து, உதிந்து. ஒண்ண எடுத்து அவ உள்ளங்கையில வச்சேன். வாயில போட்டுக்கிட்டா. பதறிப்போயி விரல விட்டு நோண்டி எடுத்தேன். அதுல இருந்து கையில குடுக்கிறதில்ல. ஆனா செடியில இருக்கணும். யாரும் தொடக் கூடாது. ஒரு நாள் எந்திரிச்சு வந்து பாத்தான்னா, அப்ப அங்க பூ இல்லாமப் போச்சுன்னா? சொல்லுங்க, அப்ப நா என்ன செய்வேன்?

கேட்டுப் பூட்ட எடுத்துட்டேன். கனகவேலுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிறாதீங்க. நேத்துக் காலையில கேட்ட விரியத் திறந்து வச்சுட்டு, டீச்சர் வீட்டுத் தூணுக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டேன். எந்திரிச்சு வரட்டும், எங்க வேணும்னாலும் போகட்டும், பின்னாடியே போவோம்னு. பஸ் ஸ்டாண்டுன்னா பஸ் ஸ்டாண்டு. சுடுகாடுன்னா சுடுகாடு. டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பி வந்தாங்க. என்னயப் பாத்தாங்க, திறந்து கெடக்கிற கேட்டப் பாத்தாங்க. பையக் கீழ வச்சுட்டு என் பக்கத்துலயே நின்னாங்க. ரெண்டு பேரும் நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம். அவ உக்காந்த எடத்த விட்டு அசையல.

பெறகு நா உள்ள வந்து அவளுக்குச் சோறு ஊட்டுனேன்.

நாளைக்கும் திறந்துதான் வைப்பேன்.